வேண்டாம் என்னும் உரிமை

கதவைத் தட்டிக் கேட்டு நுழைவது மனிதனுக்கே உரிய பண்பு. வருபவர் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் 'வாருங்கள்' என்று சொல்ல வேண்டும். 'இப்போது வேண்டாம்' என்றால் வந்தவர் மனம் கோணாமல் திரும்பிச் செல்ல வேண்டும். இந்த எளிய நாகரிகத்தைத்தான் சட்டம் இன்று 'அந்தரங்க உரிமை' என்ற பெரிய பெயரால் அழைக்கிறது.

மதுரையின் தென்புறத்தில் உள்ள எங்கள் வில்லாபுரத்தில் பல தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டார் தும்முவார்கள். இங்கே அந்தரங்கம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் உண்மை வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்ல முன்பெல்லாம் தெருவுக்கு ஒருவர் இருந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெளியூர் மகனின் கடன், கட்டிக்கொடுத்த மகளின் கண்ணீர் எல்லாம் அவர் கண் வழியாகவே வந்து சேரும். அவரோ படித்ததைப் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லமாட்டார். சொன்னால் மறுநாள் முதல் ஒருவரும் அவரிடம் கடிதம் கொண்டுவரமாட்டார்கள். அன்று எழுதாத சட்டமாக இருந்தது அந்த நம்பிக்கை.

கடிதம் படித்தவரின் இடத்தில் இன்று கல்லூரியில் படிக்கும் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். சிலிண்டர் பதிவு, ரயில் டிக்கெட், வேலைக்கு விண்ணப்பம் என்று எதற்கும் கைப்பேசியோடு எங்களிடம் வருகிறார்கள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு கேள்வி எழுகிறது: 'குக்கிகளை ஏற்கிறீர்களா?' கேள்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில். 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் பளிச்சென்ற வண்ணத்தில். 'மறுக்கிறேன்' என்பது மங்கலான சிறு எழுத்தில். சில இடங்களில் அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கேட்டார்: "ஏத்தா, அது என்னமோ கேக்குதே, வேண்டாம்னு சொன்னா விடுவானா?" பட்டம் பெற்ற பலருக்கும் தோன்றாத கேள்வி அது. அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு தளத்தில் நகைக்கடன் பற்றி விசாரித்து, அங்கு கேட்டபடி கைப்பேசி எண்ணைக் கொடுத்து, 'சம்மதம்' என்றும் அழுத்தியிருந்தார். மறுநாள் முதல் முன்பின் தெரியாத ஆண்குரல்கள் அவர் பெயரைச் சொல்லி அழைத்தன. கடன் வாங்க எண்ணியது வீட்டில் யாருக்கும் தெரியாது. "யாரும்மா அடிக்கடி கூப்பிடுறது?" என்று மகன் கேட்டபோது அவர் பட்ட சங்கடம் எழுத்தில் அடங்காது.

குக்கி என்பது யாது? தின்னும் பண்டம் அன்று. நாம் பார்க்கும் தளம் நம் கருவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு. இணையத்துக்கு இயல்பில் மறதி அதிகம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் நம்மைப் புதியவராகவே எண்ணும். அந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுல்லி இந்த முறையை வகுத்தார். சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கனைப் போன்றது இது. டோக்கன் இல்லாவிட்டால் எது நம் சைக்கிள் என்று எப்படித் தெரியும்? அதுவரை குற்றமில்லை. ஆனால் மாசி வீதியில் ஒரு கடைக்குள் நுழைகிறோம். கடைக்காரருக்குப் பின்னால் நிற்கும் வேறொருவர் நம் சட்டையில் ஓர் அடையாளத்தை ஒட்டிவிடுகிறார். ஆவணி மூல வீதியிலும் அவருடைய ஆள் நின்று, நாம் எதை எடுத்தோம், எதை விலை கேட்டோம் என்று குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பர நிறுவனங்கள் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கியின் வேலை இதுவே. குக்கிக்கு நம் நடமாட்டம் தெரியும். நாமே எழுதிக்கொடுக்கும் பெயரும் எண்ணும் அதனோடு சேர்ந்தால் நாமே தெரிந்துவிடுவோம்.

இதில் வியப்பான ஒரு பொருத்தம் உண்டு. குக்கியை ஏற்கும் நெட்ஸ்கேப் உலாவி வெளிவந்தது 1994 அக்டோபர் 13 அன்று. அதற்கு ஆறு நாட்கள் முன்பு, அக்டோபர் 7 அன்று, நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடலாமா என்பது அவ்வழக்கு. வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று கூறிய நீதிமன்றம், இன்னொன்றையும் சொன்னது: தன்னைத் தன்போக்கில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, பொது ஆவணங்களில் உள்ளவை போன்ற விலக்குகள் நீங்கலாக, ஒருவரின் குடும்ப வாழ்வை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது. உரிமையைச் சொன்ன தீர்ப்பும், அதற்குச் சோதனையாக வந்த கருவியும் ஒரே வாரத்தில் பிறந்தன!

பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். ஐரோப்பிய நீதிமன்றமோ 2019 அக்டோபர் 1 அன்று, முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்புக் கூறியது. பேசாமல் இருப்பது இசைவு ஆகாது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. குக்கி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் சம்மதத்தின் இலக்கணம் இருக்கிறது. சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி வேண்டும். அந்த 22-இல் நம் தமிழும் ஒன்று! இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அவை 18 மாத அவகாசம் தந்தன. அரசு தன் அமைப்புகள் சிலவற்றுக்கு விலக்களிக்க இச்சட்டம் இடம் தருவது குறையே என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனினும், அத்தையின் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் எழுதியாகிவிட்டது: வேண்டாம் என்றால் விட வேண்டும். அந்தப் பதில் கைப்பேசித் திரைக்கு வந்து சேர வேண்டும். அதுவரை நம்மால் இயன்றது என்ன? தளத்துக்கு அவசியமான குக்கியை மட்டும் ஏற்கலாம். உலாவியின் அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கலாம். தேவையற்ற இடத்தில் எண்ணைக் கொடுக்காமல் இருக்கலாம். எங்கள் தெருவில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: யார் கைப்பேசியாக இருந்தாலும், கேள்வியைத் தமிழில் சொல்லாமல் பொத்தானைத் தொடுவதில்லை. இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. பாதிப் பேர் "வேண்டாம்" என்கிறார்கள். கேட்டால்தானே தெரிகிறது, அவர்களுக்கும் ஒரு விருப்பம் உண்டென்று!

மாணவத் தோழர்களே! எழுத்தறிவு பெற்றவனின் கடமை, எழுத்தறியாதவரின் கைநாட்டைக் காப்பது என்று நம் முன்னோர் எண்ணினர். இன்றைய கைநாட்டு அந்தப் பொத்தான்தான். நம் தெருவில் நம்மை நம்பிக் கைப்பேசியை நீட்டுபவருக்கு முதலில் படித்துச் சொல்வோம், பிறகு கேட்போம், அவர் சொன்னதையே அழுத்துவோம்.