காய்ச்சிய தோலும் அறுபது ஹெர்ட்ஸும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர போகும் பாதையில், ரிவர்ஸ்டன் உச்சியை நெருங்கும்போது வேனுக்குள் பனிமூட்டம் புகுந்துவிட்டது. பின் சீட்டில் மாமா தப்பை மடியில் கிடத்தி வைத்திருந்தார். சொந்த மாமா அல்ல. எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். விரல் நுனியால் தோலைத் தட்டிப் பார்த்தார். ‘தொப்’ என்றது. “தோலு குளுந்து போச்சு தம்பி. இத வச்சு ஒண்ணும் செய்ய ஏலாது” என்றார்.

ஒரு பாட்டுக்காகப் போயிருந்தோம். தப்பு, பேஸ் கிட்டார், ஒரு குரல், அவற்றோடு ரிவர்ஸ்டன் காற்று. இவ்வளவுதான் பாட்டு. ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்றை நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல மறித்து நிற்கிற காலம். மேற்குச் சரிவில் மேகம் வந்து முட்டும். மலை தாழ்ந்து இடைவெளி விடும் இடத்தில் காற்று பிதுங்கிக்கொண்டு கிழக்கே பாயும். அந்த முகட்டில் மரங்கள் குட்டையாக, ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்த்தாலே காற்றின் பலம் புரிந்துவிடும்.

அங்கே மைக்கைப் பிடித்ததும் ஹெட்போனில் கேட்டது காற்றின் ஓசையே இல்லை. பாறை உருளுவதுபோல ஒரு முழக்கம். காற்று மைக்கின் சவ்வை நேரே அறைவதால் வருவது அது. மலையில் அப்படி ஒரு ஒலி கிடையாது. மைக்குக்கு ரோம உறை மாட்டி, ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, புல்லை நோக்கித் திருப்பிய பிறகுதான் ரிவர்ஸ்டன் கேட்டது. புல் உரசும் சீறல், அதற்கு அடியில் மிக மெல்லிய ஒரு ஊதல். கனமாகக் கேட்பதெல்லாம் கனம் அல்ல என்று அன்று கற்ற முதல் பாடம் அது.

இரண்டாவது பாடத்தை மாமா சொல்லித் தந்தார். அந்தக் காட்டில் தீ மூட்டக் கூடாது. அதனால் கீழே இறங்கி, பாதையோரத் தேநீர்க் கடையில் கேட்டு, அடுப்பருகே உட்கார்ந்தார். தப்பை அனலுக்கு மேலே பிடித்து, ஓரிடத்திலும் நிற்கவிடாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டுவார்; காதை வைத்துக் கேட்பார்; மறுபடியும் அனல். ஈரம் குடித்துத் தளர்ந்திருந்த தோல் மெல்ல இறுகியது. ‘தொப்’ என்றது ‘தொம்’ ஆகி, பிறகு ‘திம்’ ஆனது. நான் உற்றுக் கேட்டேன். ஒலி தாழவில்லை, உயர்ந்துதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் விழுந்த அடி முன்னைவிடக் கனமாக இருந்தது. சுற்றியிருந்த சொதசொதப்பு போனதும் அடி தனியே நின்றது. “இப்ப பேசுது” என்றார் மாமா.

மாத்தளையில் உள்ள என் சிறிய ஒலிப்பதிவு அறைக்குத் திரும்பி, கணினியில் பாட்டைக் கோத்தபோது பேஸ் கிட்டார்தான் மல்லுக்கு நின்றது. தனியாகக் கேட்டால் நன்றாக இருந்தது. தப்போடு சேர்த்தால் காணாமல் போனது. கனம் போதவில்லை என்று நினைத்து 100 ஹெர்ட்ஸில் தூக்கினேன், கலங்கியது. இன்னும் தூக்கினேன், குரலையும் மூடிவிட்டது. குறைத்தால் எலும்பு மட்டும் மிஞ்சியது. இரண்டு இரவுகள் இப்படியே போயின.

மூன்றாம் இரவு, ஒரு பழைய கருவியின் நினைவு வந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லேண்ட் என்ற இருவர் பல்ஸ் டெக்னிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார்கள். 1950களின் தொடக்கத்தில் அவர்கள் கையால் கட்டிய, ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசர்தான் உலகம் ‘பல்டெக்’ என்று அழைப்பது. அதன் முகப்பில் ஹெர்ட்ஸ் என்ற சொல்லே இருக்காது. ‘ஒரு விநாடிக்கு இத்தனை சுழற்சி’ என்ற பழைய அளவுதான். தாழ்ந்த ஒலிக்கு 20, 30, 60, 100 என்று நான்கே இடங்கள். அந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தபின், தூக்குவதற்கு ஒரு திருகு, குறைப்பதற்குத் தனியாக இன்னொரு திருகு.

ஒரே இடத்தில் தூக்கவும் குறைக்கவும் செய்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடாதா? கணக்குப்படி அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டு திருகுகளும் இரண்டு தனிச் சுற்றுகள். அவற்றின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. தூக்கும் வளைவு கீழே கூடி நிற்கிறது. குறைக்கும் வளைவு அதைவிட மேலே வரைக்கும் நீண்டு போகிறது. இரண்டையும் சேர்த்துத் திருகினால் அடியில் ஒரு மேடும், அதற்கு மேலே இருநூறு, முந்நூறு ஹெர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளமும் கிடைக்கும். கலங்கல் குடியிருப்பது சரியாக அந்தப் பள்ளத்தில்தான். பேஸின் கனம் தங்குகிறது, குரலுக்கும் தப்புக்கும் இடம் பிறக்கிறது. கருவியைச் செய்தவர்கள் திட்டமிட்டதைவிட, அதை உட்கார்ந்து திருகிப் பார்த்தவர்களின் காது கண்டெடுத்த நுட்பம் இது.

அந்தக் கருவியை வாங்கும் வசதி எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த வளைவை எந்த மென்பொருளிலும் கட்டிக்கொள்ளலாம். நான் செய்தது இதுதான். சாதாரண ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸில் ஒரு தாழ் ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ளதையெல்லாம் சேர்த்துத் தூக்குவது), 5 டெசிபெல் ஏற்றம், சரிவு மென்மையாக. அதோடு 250 ஹெர்ட்ஸை நடுவாக வைத்து அகலமான ஒரு வளைவு, 4 டெசிபெல் இறக்கம். பள்ளத்தைக் குறுகலாக வெட்டினால் பேஸ் மூக்கடைத்தாற்போல ஆகிவிடும். பழைய கருவியின் தாராளம் அந்த அகலத்தில்தான் இருக்கிறது. பிறகு மொத்த ஒலியளவை முன்பிருந்த அளவுக்கே கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். இது முக்கியம். கூடுதல் சத்தமாக இருப்பதெல்லாம் நல்லதாகவே கேட்கும். காது அப்படித்தான் ஏமாறும்.

இதில் ஒன்று குறைந்தது. பழைய கருவியில் ஒலி முதலில் சுருள்களையும் மின்தேக்கிகளையும் கடந்து வலுவிழக்கும். இழந்த வலுவை வால்வுகள் மீட்டுத் தரும். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒலியோடு தம் பங்குக்கு மெல்லிய மேலொலிகளைச் சேர்த்துவிடும். அதற்கு ஈடாக, வால்வைப் போல நடக்கும் ஒரு பிளக்-இன்னைக் கடைசியில் உப்புப் போடும் அளவுக்குச் சேர்த்தேன்.

அந்த உப்புக்கு ஒரு காரணம் உண்டு. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஆனால் 82, 123, 164 என்று அதன் மடங்குகளான மேலொலிகள் தெளிவாகக் கேட்டால், இல்லாத 41ஐ நம் மூளை தானே கட்டிக்கொள்ளும். லயத்து அறையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் உள்ள ரேடியோவில்தான் இலங்கை வானொலியைக் கேட்டோம். அந்த ரேடியோவில் பேஸ் என்று பெரிதாக எதுவும் இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ், தனிப் பாட்டு ஒன்று கீழே ஓடுவதுபோல, எனக்கு வரிவரியாகக் கேட்டது. இசையமைப்பும் வாசிப்பும் பதிவும் சேர்ந்து அந்த ஒலிக்கு மேலே இடம் விட்டிருந்தன. மீதியை எங்கள் காதுகள் நிரப்பிக்கொண்டன.

பாட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். மாமா வீட்டுத் திண்ணையில் கைப்பேசியைப் பலகைமேல் வைத்துப் போட்டுக் காட்டினேன். முதலில் புல்லின் சீறல் வந்தது. மாமா தலையை நிமிர்த்தி மலைப் பக்கம் பார்த்தார். தப்பு விழுந்தபோது அசையவில்லை. அது அவர் கை, அவருக்குத் தெரியும். பிறகு பேஸ் நுழைந்தது. அவருடைய பெருவிரல் பலகையில் மெதுவாகத் தட்டத் தொடங்கியது. தப்பின் தாளத்துக்கு அல்ல, பேஸின் அடித்தந்திக்கு. அந்தக் கைப்பேசியால் எழுப்ப முடியாத அந்தச் சுரம் வரும் ஒவ்வொரு இடத்திலும், ஒன்றுகூடத் தவறாமல், அவர் விரல் பலகையில் விழுந்தது.