ஜூடோவும் கராத்தேயும்

சித்தூரில் குடியிருந்துகொண்டு, திருப்பதி ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுக்கும் குமாஸ்தா நான். என் படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. ஜப்பான் தேசத்துத் தற்காப்புக் கலைகளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. ஒரு குற்றம்தான் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை என் மகன் சட்டை கிழிந்து, உதடு வீங்கிப் பள்ளியிலிருந்து வந்தான். அவனுக்கு வயது பதினொன்று. வயதுக்குச் சற்றுக் குள்ளம். தெலுங்கு பேசும்போது நடுவே ஒரு தமிழ்ச் சொல் நழுவிவிட்டால் சில பையன்கள் கேலி செய்வதுண்டு. அன்று கேலி கைகலப்பாகிவிட்டது. நானோ அன்று டிக்கட் ஜன்னலில் நாள் முழுதும் ஏச்சுக் கேட்டுக் களைத்து வந்திருந்தேன். "அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாயே, உனக்குக் கை இல்லையா?" என்று கேட்டு, அவன் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். என் தாயார் மட்டும், "அடிபட்டு வந்த பிள்ளையை அடிப்பதற்கா உன்னைப் பெற்றேன்?" என்றார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைக்குத் தற்காப்புக் கலை ஒன்றைக் கற்பிப்பதே பரிகாரம் என்று தீர்மானித்தேன். அடுத்த வீட்டுக்காரர், "கராத்தேயில் சேருங்கள்" என்றார். எங்கள் பார்சல் ஆபீஸில் வேலை செய்யும் தெலுங்கு நண்பர் ஒருவர் இளமையில் ஜூடோ பழகியவர். அவர், "அண்ணா, பையனுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுங்கள்" என்றார். இரண்டையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்வது என்று இரண்டு விடுமுறை நாட்களைச் செலவிட்டேன்.

முதலில் சித்தூரில் கராத்தேயைப் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் முப்பது பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். குத்து, உதை, தடுப்பு ஆகியவற்றைக் கோவையாகக் கட்டி, எதிரில் ஆள் இல்லாமலே பழகினார்கள். இதற்குக் 'கட்டா' என்று பெயர். பிறகு இருவர் இருவராக எதிரெதிரே நின்றார்கள். ஒரு பையனின் முஷ்டி மற்றவன் மூக்கை நோக்கிப் பாய்ந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் முஷ்டி மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. "குத்துவதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம், நிறுத்துவதற்கு வருஷங்கள் வேண்டும்" என்றார் ஆசிரியர்.

கராத்தே, ஒகினாவாத் தீவில் சீன முறைகளும் தீவின் முறைகளும் கலந்து வளர்ந்த கலை. முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்தால் எழுதப்பட்ட அதன் பெயர், 1930களில் 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்துக்கு மாறியது. அதை டோக்கியோவில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஃபுனகோஷி கிச்சின் (1868–1957) என்னும் பள்ளி ஆசிரியர். அவர் 1922இல், ஐம்பது வயதைக் கடந்தபின், தீவை விட்டுத் தலைநகருக்கு வந்தார். அங்கே ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, கூடம் பெருக்கித் தோட்டவேலை பார்த்துக்கொண்டே கலையைக் கற்பித்தார். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது. கராத்தே பயின்றவன் முதலில் கையை ஓங்கலாகாது என்பது அவருடைய போதனை. அதைக் கேட்டபோது என் கையை நான் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் திருப்பதியில் ஜூடோ. கனத்த மெத்தை விரித்த ஒரு கூடத்தில், வந்த பிள்ளைகள் அரைமணி நேரம் விழுந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் விழுவது, பக்கத்தில் விழுவது, உருண்டு விழுவது. மோவாயை மார்போடு ஒட்டித் தலையைக் காத்துக்கொண்டு, விழும் கணத்தில் கையால் தரையை ஓங்கி அறைந்தால், அதிர்ச்சி உடம்பில் தங்காமல் பரவிப் போய்விடும். பிறகுதான் ஒருவரை ஒருவர் பிடித்து எறிந்தார்கள். எதிரி தள்ளினால் எதிர்த்துத் தள்ளுவதில்லை, இழுக்கிறார்கள். இழுத்தால் முரண்டுவதில்லை, அவனோடு சென்று தள்ளுகிறார்கள். நிலைகுலைந்த பெரியவனைச் சிறியவனும் சாய்த்துவிடுகிறான். 'ஜூ' என்றால் மென்மை. 'டோ' என்றால் வழி.

இதை உருவாக்கிய கானோ ஜிகோரோ (1860–1938) சிறுவயதில் மெலிந்த உடம்பினர். பள்ளி விடுதியில் பலசாலிப் பையன்களிடம் துன்பப்பட்டதே அவரைப் பழைய ஜூஜுட்சுவைத் தேடிப் போகச் செய்தது. 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலின் பன்னிரண்டு பாய் விரித்த அறையில், ஒன்பது மாணவர்களுடன் தம் பள்ளியைத் தொடங்கினார். இவரும் ஆசிரியரே. இக்கலை நம் தேசத்துக்கும் புதிதன்று. 1929இல் தாகூர் தகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். அங்கே பெண்களும் பயின்றார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டபோது எனக்குப் புலப்பட்ட வேற்றுமை இதுதான். கானோ ஆபத்தான குத்து முதலியவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பிள்ளைகள் முழுப் பலத்தோடும் ஒருவர்மேல் ஒருவர் பழகும்படி செய்தார். கராத்தே குத்தை வைத்துக்கொண்டு, அதை நிறுத்தும் அடக்கத்தைப் பழக்கியது. எது உயர்ந்தது என்னும் வாதம் பயனற்றது. 1922இல் ஃபுனகோஷியைத் தம் பள்ளிக்கு அழைத்துக் கராத்தேயைச் செய்துகாட்டச் சொன்னவரே கானோதான். வெள்ளை உடையும் கருப்புக் கச்சையும் ஜூடோவிலிருந்து கராத்தேக்குச் சென்றவையே. ஜூடோ 1964இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. கராத்தேக்கு அந்த வாய்ப்பு 2021இல் நடந்த டோக்கியோப் பந்தயத்தில்தான் கிட்டியது.

காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதிதருமரே இவற்றுக்கெல்லாம் மூலவர் என்று நம்மவர் பெருமை பேசுவதுண்டு. அவர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சிகளை அவர் பெயரோடு இணைக்கும் நூல், அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்ட 17ஆம் நூற்றாண்டினது. நமக்குப் பெருமை வேண்டுமானால் சிலம்பம் இருக்கிறது. என் பாட்டனாரின் கம்பு இன்னமும் எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. சுற்றத் தெரிந்தவர்தாம் வீட்டில் இல்லை.

முடிவை மகனிடமே விட்டேன். அவன் ஜூடோ என்றான். "ஏன்?" என்றேன். "விழுந்தால் அங்கே யாரும் திட்டுவதில்லை, அப்பா" என்றான்.

ஞாயிறுதோறும் பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் அழைத்துப் போகிறேன். முதல் ஞாயிறன்று, வண்டி சந்திரகிரியை நெருங்கும்போது, "அன்று நான் உன்னை அடித்தது தப்பு" என்று சொன்னேன். அவன் ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலையைப் பார்த்தவாறே, "சரி அப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.

பள்ளியில் கேலி அடியோடு நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. தள்ளுகிறவனைக் கண்டு அவன் இப்போது பதறுவதில்லை. சென்ற மாதம் ஈரப் படிக்கட்டில் வழுக்கியவன், தரையைக் கையால் அறைந்து உருண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தான். என் மனைவிதான் பயந்துபோனாள்.

நானும் ஒரு பாடம் பயில்கிறேன். அது கராத்தேயின் பாடம். ஜன்னலில் ஏச்சு வாங்கிய நாட்களில், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்ற அந்தச் சிறு முஷ்டியை நினைத்துக்கொள்கிறேன். அன்பர்களே, நம் பிள்ளைகளை எந்தக் கலையில் வேண்டுமானாலும் சேருங்கள். அவர்கள் அடிபட்டு வரும் நாளில் மட்டும், முதலில் கையை ஓங்குகிறவர் நாமாக இருக்க வேண்டாம்.