மணற்காட்டில் ஒரு பெட்டியில்லாப் புதையல்

பயணம் என்ற சொல்லுக்கு எங்கள் பெண்கள் மத்தியில் நீண்ட காலமாக நல்ல பொருள் இருந்ததில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் வலிகாமத்துச் சனம் தென்மராட்சி நோக்கி நடந்ததும் பயணம்தான். 2009இல் வன்னியிலிருந்து பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும் பயணம்தான். அதன் பின்னர் கச்சேரி, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று அலைந்ததையும் இதற்குள்தான் சேர்க்க வேண்டும். காரியம் எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காக மட்டும் ஒரு பெண் வீட்டை விட்டு வெளிக்கிடுவதென்றால், "ஏன், எதுக்கு, ஆரோட?" என்று மூன்று கேள்விகளாவது படலையில் நிற்கும்.

எங்கள் மாதர் குழுவுடன் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்குப் போனபோது இந்த மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. "புதையல் தேடப் போறம்" என்றேன். சிரித்தார்கள், ஆனால் விட்டார்கள்.

இந்தப் புதையல் விளையாட்டுக்கு ஜியோகாஷிங் என்று பெயர். செய்மதிகள் மூலம் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். வசதியைப் பொதுமக்கள் துல்லியமாகப் பயன்படுத்த முடியாதபடி அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை தவறலாம். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. உடனேயே, மே 3ஆம் திகதி, டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியைப் புதைத்து வைத்து, அதன் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில சில்லறைப் பொருட்கள், ஒரு தகரப் பயற்றங்காய் வகை. கண்டெடுப்பவர் பெயரை எழுதிவிட்டு, ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான பெட்டிகள் இப்படி ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பற்றைக்குள் கிடக்கும் பெட்டியைத் தேடி எடுத்துத் திறந்து பார் என்று எங்கள் ஊரில் எவருக்காவது சொல்ல முடியுமா? அடையாளம் தெரியாத எந்தப் பொருளையும் தொடாதே, கண்டால் வந்த அடியிலேயே திரும்பு, பெரியவர்களுக்குச் சொல் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே படிப்பித்திருக்கிறோம். முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில்தான் இணைந்தது. ஜி.பி.எஸ். என்ற பெயரை எங்கள் குழுவில் முதலில் சொன்னதுகூட, வெடி அகற்றும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்த ஒரு தங்கச்சிதான். "அது எங்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை அக்கா, எந்த இடம் துப்பரவாக்கி முடிஞ்சுது எண்டு குறிக்கிறது" என்றாள்.

ஆகவே பெட்டியை விட்டுவிட்டோம். பெட்டி இல்லாத வகையும் இந்த விளையாட்டில் உண்டு. 2004இல் தொடங்கிய பூமிப் புதையல் என்ற வகையில் எதையும் ஒளிப்பதில்லை. குறித்த இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ மணலையோ நீரையோ கவனித்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நாங்கள் அதோடு ஒரு புகைப்படத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

மணற்காடு பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுரக் கோயிலைக் கடந்து குடத்தனைப் பக்கத்தால் போகும் வழியில் கடலோரமாக இருக்கிறது. பெயருக்கு ஏற்ற ஊர். மணல் மலைகள், அவற்றை அடக்குவதற்காக நட்ட சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி அமிழ்ந்த பழைய அந்தோனியார் கோயிலின் கூரையில்லாச் சுவர்கள். மாசி மாதத்து விடியற்காலையில் வாடைக் காற்று ஓய்ந்து வரும் நேரம் போய்ச் சேர்ந்தோம். சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பும் கரை அது.

நிலக்காட்சிப் படத்துக்கு விலை உயர்ந்த கமரா வேண்டும் என்பது கடைக்காரர் பேச்சு. எங்களிடம் இருந்தவை வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய கைத்தொலைபேசிகள். வெளிச்சம்தான் முக்கியம். காலையில் வெயில் பக்கவாட்டாக விழும்போது மணலின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழுகிறது. பத்து மணிக்கு அதே இடம் வெறும் வெள்ளைத் தரையாகிவிடும். மடிப்புகள் காற்று வரும் திசைக்குக் குறுக்காக ஓடும் என்பதால், எந்தக் காற்று கடைசியாக அடித்தது என்று தரையைப் பார்த்தே சொல்லலாம். இதுவே நாங்கள் வைத்த முதல் கேள்வி. கடற்தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் ஒரு கணத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டதாரியான நான்தான் விரலை நனைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது கேள்வி, மணலைப் பிடித்து வைத்திருப்பது எது என்பது. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இடமெல்லாம் மேடு நிலைத்திருந்தது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று கூட்டங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழமொழியின் செடியை, நான் முழங்காலில் நின்று படம் எடுத்தது அன்றுதான். படத்தின் முன்பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் பின்னால் உள்ள மணல் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்கு விளங்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் தொலைபேசி காட்டிய அகலாங்கு, நெட்டாங்கைக் கொப்பியில் எழுதினோம். இதற்கு டேட்டா தேவையில்லை. செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞையைத் தொலைபேசி நேரடியாக வாங்கிக்கொள்ளும். வெளியான இடத்தில் பிழை ஐந்து மீற்றர் அளவில் இருக்கும், சவுக்குக்குள் கூடும்.

மூன்றாவது கேள்வியை நாங்கள் வைக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் அந்தக் கரையில் வீட்டை இழந்து உள்ளே குடியமர்ந்த அக்கா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். கொடிக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணலில் நின்று, "இதிலதான் குசினி" என்றார். அடையாளமாக ஒரு கல்லும் இல்லை. "இந்த இடத்துக்கும் நம்பர் வருமோ தங்கச்சி?" வந்தது. ஐந்தாறு மீற்றர் பிசகலாம் என்று சொன்னேன். "குசினியில நிண்டால் என்ன, கோடியில நிண்டால் என்ன, என்ர வளவுதானே" என்றார். ஆட்கள் இல்லாமல் படம் எடுக்கச் சொன்னார். நெல்லியடியில் கழுவி எடுத்த படத்தில் மணலும் கடலும் மட்டுமே உள்ளன. பின்புறத்தில் எண்களைத் தன் கையால் எழுதி, சாமிப் படத்தட்டில் வைத்திருக்கிறார்.

புரட்டாதியில் திரும்பவும் போனோம். எண் எங்களை அந்த இடத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. மிச்சத்தைப் பழைய படம் செய்தது. கிட்ட இருக்கும் கோயில் சுவரின் ஓரமும் தூரத்துப் பனையும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை அங்குமிங்கும் நகர்ந்தால், முன்பு நின்ற காலடியிலேயே நிற்கலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சோளகம் அடித்து முடிந்திருந்தது. மாசியில் தெரிந்த இரண்டு வரிசைக் கல் மணலுக்குள் போய்விட்டது. இன்னொரு படத்தில் மேடு இருந்த இடத்தில் பள்ளம். அதற்குள் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம். அது காற்றின் வேலை அல்ல.

அந்தப் படத்தை என்ன செய்வதென்று பஸ்சுக்குள் பெரிய வாக்குவாதம். மணல் அள்ளுபவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும், பெண்கள் தனியே இருக்கும் வீடுகள் எவை என்று அவர்களுக்கும் தெரியும். அதிகாரிகளிடம் கொடுப்போம் என்றனர் சிலர். கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால் என்றனர் மற்றவர்கள். இரண்டும் நியாயமே. திகதியும் எண்ணும் இட்டு, எடுத்தவர் பெயர் இல்லாமல் குழுவின் கோவையில் சேர்த்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே காலடியில் நின்று எடுப்பதென்று தீர்மானம். நான்காவது படம் சேர்ந்ததும் திரும்பவும் கூடிப் பேசுவோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள். முதலில் கிராம சேவையாளரிடம் பாதையைக் கேளுங்கள். ஊரார் நடக்கும் வழியை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். கரையிலுள்ள ஆழிப்பேரலைக் கல்லறைகளில் யாராவது நின்றால் அவர்கள் போகும்வரை பொறுத்திருங்கள். தொலைபேசிக் கமராவில் இடக்குறிப்பு இயங்கினால் படத்துக்குள்ளேயே அந்த இடத்தின் எண்கள் பதிந்திருக்கும். முகநூலில் போடுவதற்கோ எவருக்காவது அனுப்புவதற்கோ வீட்டு வாசலில் படம் எடுப்பதென்றால், எடுப்பதற்கு முன்னரே அதை நிறுத்திவிடுங்கள், கொப்பியும் பேனையும் போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு பெரிய போத்தல், தலைக்கு ஒரு துணி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் மணலில் சுகம், ஆனால் எட்டு மணிக்கு முன்னர் மட்டும்.