புகார் மனுவை நாங்களே எழுதினோம்

குன்னம் பக்கத்தில் எங்கள் காலனித் தம்பி ஒருவனை டீக்கடை வாசலில் வைத்து அடித்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். தகவல் வந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஐந்து பேர் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். "வக்கீல் எதுக்கு? வன்கொடுமைச் சட்டம் நமக்கு மனப்பாடம்" என்றார் ஒரு தோழர். மற்ற நால்வரும் தலையாட்டினோம். மரத்தடியில் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் புகார் மனு எழுதினோம்.

அந்த மனுவில் ஈராயிரம் ஆண்டு அடிமைத்தனம் இருந்தது. அண்ணல் அம்பேத்கர் இருந்தார். இல்லாதவை மூன்று. அடித்தவர் என்ன சாதி, அதாவது பட்டியல் சாதியைச் சேராதவர் என்பது இல்லை. அவர் சொன்ன சொல் இல்லை. 'சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்' என்று நாகரிகமாக முடித்துவிட்டோம். அப்போது அந்த டீக்கடையில் நின்றிருந்தவர்கள் யார் என்பதும் இல்லை.

சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வையில் படும்படி நடந்தது என்று காட்ட வேண்டும். கூண்டில் ஏறிய தம்பி அந்தச் சொல்லைச் சொன்னான். பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயரையும் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் தேடவில்லை, எங்கள் மனுவையே கையில் எடுத்தார். "ஐந்து பேர் கூடி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லும் இந்தப் பெயர்களும் அதில் ஏன் இல்லை? பிறகு சேர்த்துக்கொண்டதா?" தம்பியிடம் பதில் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் எல்லா விவரமும் இருந்தாக வேண்டும் என்பதில்லை, மேல் நீதிமன்றங்களே அப்படிச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை எடுத்துச் சொல்லி வாதாட எங்களுக்கென்று அங்கே யாரும் இல்லை. அரசு வக்கீல் கையில் எங்கள் கட்டோடு சேர்த்து எத்தனையோ கட்டுகள்.

அடித்ததற்கு மட்டும் தண்டனை கிடைத்தது. வன்கொடுமைப் பிரிவுகளில் விடுதலை. போலீஸ் கெடுத்த வழக்கு என்று ஊரெல்லாம் சொன்னோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

செந்துறைப் பக்கம் ஒரு பெரியவருக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவருடைய அரை ஏக்கர் நிலத்தின் மேல் ஒருவர் சிவில் வழக்குப் போட்டார். சம்மன் வந்தது. பெரியவர் வாய்தா நாளில் கோர்ட்டுக்குப் போய், "நெலம் எங்களோடதுங்க ஐயா" என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு வந்தார். பதிலை எழுத்தில் தாக்கல் செய்யச் சொன்னார்கள். எங்களிடம் வந்தார். நாங்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கச் சொன்னோம். கொடுத்தார். ரசீதும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதுதான் பதில் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

கலெக்டர் ஆபீஸ் ரசீது கோர்ட்டுக்குப் பதில் ஆகாது. சிவில் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. அதுவும் கடந்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது. எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்யக் கேட்பதற்கும் 30 நாள்தான். நிலத்தை அளக்க ஆள் வந்த அன்றுதான் பெரியவருக்குத் தீர்ப்பே தெரிந்தது. இப்போது ஒரு வக்கீல் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டு நடத்துகிறார். முதல் வாய்தாவிலேயே வக்காலத்து கொடுத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. அந்த ரசீது இன்னும் பெரியவரின் மஞ்சள் பையில் இருக்கிறது. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

வக்கீலிடம் போகாததற்கு எங்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பீஸ் கட்ட முடியாது. வக்கீல் எதிர்த்தரப்புச் சாதிக்காரராக இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். பாதியில் சமாதானம் பேசிவிட்ட வக்கீல்களையும் பார்த்திருக்கிறோம். கூடவே ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம்: நாமே படித்தவர்கள், நாமே பார்த்துக்கொள்வோம் என்கிற பெருமை. தன் வழக்கைத் தானே நடத்த எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தித் தோற்றால் நட்டம் நமக்கல்ல, அந்தத் தம்பிக்கும் பெரியவருக்கும்தான்.

'ஜெய்பீம்' படத்தை எல்லோரும் பார்த்தோம். அந்த உண்மைச் சம்பவம் நம் பக்கத்தோடும் தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது. 1993இல் கடலூர்ப் பக்கம் முதனையைச் சேர்ந்த குறவர் ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போனது. பிறகு தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னது. அவருடைய உடல் கிடந்தது மீன்சுருட்டி எல்லையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில். மனைவி பார்வதி அதிகாரிகளிடம் முறையிட்டுப் பார்த்தார். கம்யூனிஸ்ட் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 'ஓடிவிட்டான்' என்ற கதைக்குப் போலீஸ் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வந்தது. பார்வதியின் உறுதி, தோழர்களின் துணை, வக்கீலின் மனு. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த வழக்கு நின்றிருக்காது.

கோகுல்ராஜ் வழக்கிலும் தாய் சித்ரா அரசு வக்கீலை மாற்றக் கேட்டுப் போராடினார். பவானி பா.மோகன் சிறப்பு வழக்கறிஞராக வந்தார். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும், 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது.

பீஸ் கட்ட முடியாது என்கிறோம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12இன்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. வன்கொடுமை வழக்கு என்றால், பாதிக்கப்பட்டவர் விரும்பிக் கேட்டால் அரசுச் செலவில் மூத்த வழக்கறிஞரை அமர்த்த விதி 4(5) கலெக்டருக்கு அதிகாரம் தருகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 15ஏ-இன்படி, ஜாமீன் மனு விசாரணை உட்பட எல்லாவற்றுக்கும் நமக்குத் தகவல் தர வேண்டும், நம் தரப்பையும் கேட்க வேண்டும். அந்தத் தகவல் வரும் நாளில் பேசுவதற்கு நம் பக்கம் ஒரு வக்கீல் நிற்க வேண்டாமா?

வக்கீலிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. மனு, எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். வாய்தா தேதியை நோட்டில் எழுதுங்கள். வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீல் கேட்டாலும்தான். பிடிக்கவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம், இலவச வக்கீலையும் மாற்றக் கேட்கலாம்.

இப்போது நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சம்பவம் நடந்தால் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இரண்டு பேர் அங்கே இருந்தவர்களின் பெயரைக் குறிப்போம். ஒருவர் வக்கீலுக்குப் போன் போடுவார். வக்கீல் படித்துப் பார்த்த பிறகே புகார் மனு ஸ்டேஷனுக்குள் போகும். அதற்காக நாள் கடத்துவதும் இல்லை, தாமதம் ஆனால் அதையும் கேள்வி கேட்பார்கள். போன முறை எழுதிய மனு ஒரு பக்கம்தான். அதில் அம்பேத்கர் பெயர் இல்லை. அவர் எழுதிச் சேர்த்த உரிமை அதில் இருந்தது.

ஜெய்பீம்.