படூர் எந்தக் காட்டிலே இருக்கு?

அக்கா மகள் படூரில் வீடு வாங்கியிருக்கிறாள் என்றதும், "படூரா? பாண்டிச்சேரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார் என் கணவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அடையாறு பாலம் தாண்டினால் எல்லாமே பட்டிக்காடுதான்!

போன மாதம் நான் மட்டும் கிளம்பிப் போனேன். சோழிங்கநல்லூர், நாவலூர் எல்லாம் தாண்டி, கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் வருகிறது படூர். பழைய மகாபலிபுரம் சாலை என்று நாம் இன்னமும் சொல்கிறோமே, அதற்கு 2008-லேயே ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். படூரில் பொறியியல் கல்லூரி, பக்கத்துச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள், வழியெல்லாம் அடுக்குமாடி. கேளம்பாக்கம் போய்க் கோவளம் பக்கம் திரும்பினால்தான் உப்பளமும் காற்றும்.

அக்கா மகள் வீட்டில் வேலை செய்யும் ஆயா இந்த ஊர்தான். காபி குடித்தபடி பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தக் காலத்துல எங்க ஊர்ப் பொண்ணை மெட்ராஸ்ல கட்டிக் குடுத்தா, 'ஏரிக்கரைல மாடு மேய்ச்சது'ன்னுதாம்மா கூப்பிடுவாங்க. சிரிச்சுக்கினே கூப்பிடுவாங்க. நாம கோவிச்சுக்க முடியுமா?" என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன செய்வது? கோபப்பட்டால், 'தமாஷ்கூடப் புரியலை பாரு, பட்டிக்காடு' என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

மத்தியானம் எதிர் ஃப்ளாட் பெண் வந்திருந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம். அது தெரியாமல் மாப்பிள்ளை, "எங்க மேனேஜர் கோவிச்சா நேரே ராமநாதபுரம்தான் சித்தி, தண்ணியில்லாக் காடு!" என்றார். எத்தனை சினிமாவில் கேட்ட வசனம்! நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் கிளம்பும்போது, வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஸ்கூல்ல என் பையனைத் 'தண்ணியில்லாக் காடு'ன்னே கூப்பிடுறாங்கக்கா. இப்ப யார் கேட்டாலும் சொந்த ஊர் மதுரைங்கிறான். லீவுக்குப் பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்."

எனக்குச் சுருக்கென்றது.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமில்லை. ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் கிழக்கு ஃப்ரீசியா என்று ஒரு சீமை. 1970-களில் அந்த ஊர்க்காரர்களை அசடுகளாக்கி ஜெர்மனி முழுக்க ஜோக் சொன்னார்கள். அவர்கள் டீ குடிக்கிற அழகைக் கேளுங்கள்: கோப்பையில் கற்கண்டு போட்டு, சுடச்சுட டீயை ஊற்றி, மேலே பாலாடை விட்டு, கலக்காமலே குடிப்பார்களாம். அசடுகளா இவர்கள்?

இங்கிலாந்தின் காதம் கிராமத்துக் கதை இன்னும் வேடிக்கை. ஜான் ராஜா அந்த வழியாகப் போனால் அது ராஜபாட்டையாகிவிடும், செலவு நம் தலையில் விழும் என்று பயந்த ஜனங்கள், ராஜாவின் ஆட்கள் வந்தபோது பைத்தியம் மாதிரி நடித்தார்களாம். குயில் பறந்து போகாமலிருக்க வேலி கட்டினார்களாம்! ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். முட்டாள் பட்டம் மட்டும் ஊருக்கு நிலைத்துவிட்டது.

படூருக்கு ராஜபாட்டை வந்தேவிட்டது. அதனால் கேலி ஒழிந்ததா என்றால், எங்கே? பஸ் மாதிரி அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். என் கணவர் படூரைச் சொல்கிறார், படூர் மாப்பிள்ளை ராமநாதபுரத்தைச் சொல்கிறார்.

அந்தத் தண்ணியில்லாக் காட்டில்தான், மழையையும் கண்மாயையும் நம்பி, குண்டு மிளகாய் விளைகிறது. நம் தாளிப்புக்கு அதற்கு ஈடு உண்டா? 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சாயங்காலம் அந்தப் பெண் ஒரு பை நிறையக் குண்டு மிளகாய் கொடுத்தனுப்பினாள். கொண்டுவந்தவன் அந்தப் பையன்தான்.

"மதுரை மல்லிக்கு 2013-ல் கிடைச்ச அதே கௌரவம் இந்த மிளகாய்க்கும் கிடைச்சிருக்கு, தெரியுமாடா?" என்றேன்.

"எங்க பாட்டி வீட்டு வாசல்ல காயப்போடுவாங்க. அந்தப் பக்கம் போனாலே தும்மல் தும்மலா வரும்!" என்றான், கண் விரிய.

சொல்லிவிட்டு, மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டதோ என்று சட்டென்று திரும்பிப் பார்த்தான்.