873இல் தொடங்கிய தொலைநகல்

1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பிற்பகல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24 விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் காணாமற்போனது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். உள்ளே காற்றமுக்கம் குறைகிறது என்று விமானி அறிவித்ததுதான் கடைசிப் பேச்சு. புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியது என்பது பின்னாளில் உறுதியானது. ஆனால் அப்போது உடலும் கிடைக்கவில்லை, விமானத்தின் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. விமானம் வன்னியில் இறக்கப்பட்டது, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கதை ஊரெங்கும் உலாவியது. நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

அதில் போன ஒருவரின் மனைவி என் கட்சிக்காரர். கணவர் தன் காணிகளைப் பார்க்கத் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். மனைவி, கணவரின் சொத்தை நிருவகிக்க மாவட்ட நீதிமன்றத்தில் நிருவாகக் கடிதம் கேட்டார். தேசவழமைப்படி, மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டத்தில் அவருக்குப் பாதி உரித்து. தம்பியோ, “அண்ணர் உயிரோடு இருக்கிறார்” என்று ஆட்சேபித்தார். சான்றாக ஒரு தொலைநகல் தாளை நீட்டினார். விமானம் காணாமற்போன பிறகு வந்தது. தான் நலம், காணி அலுவல்களைத் தம்பியே தொடரட்டும் என்று ஆங்கிலத்தில் தட்டச்சிடப்பட்டிருந்தது. அனுப்பிய இலக்கம் 873இல் தொடங்கியது. விமானத்தின் செய்மதித் தொலைபேசியிலிருந்து அனுப்பப்பட்டது என்பது தம்பியின் வாதம்.

“இவர் எனக்கு ஒருநாளும் இங்கிலீசில எழுதினதில்லை, ஐயா” என்றார் அந்த அம்மா. எனக்கு அது போதும். நீதிமன்றத்துக்குப் போதாது. ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் குறித்த காலம்வரை எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தத் தாள் உண்மையானால் “கேள்விப்பட்டாயிற்று” என்றாகிவிடும். எங்கள் வழக்கின் அடித்தளமே போய்விடும்.

தொலைத்தொடர்பில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளரைத் தேடிப்பிடித்தோம். அக்காலப் பெரிய விமானங்களில் செய்மதிப் பேச்சு எப்படி நடந்தது என்று அவர் சாட்சிக்கூட்டில் நின்று பொறுமையாக விளக்கினார். ஆசனத்தில் உள்ள தொலைபேசியில் கடனட்டையை இழுத்து, நாட்டுக் குறியீட்டோடு இலக்கத்தை அழுத்த வேண்டும். விமானத்தின் முதுகில் உள்ள அன்ரனா அதை ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு அனுப்பும். செய்மதி தரைநிலையத்துக்கு இறக்கும். அங்கிருந்து அது சாதாரணத் தொலைபேசி வலையமைப்புக்குள் போகும். தொலைநகலும் கணினித் தரவும் இதே வழியில், மெதுவாக, போகும். கட்டணம் அறவிட வேண்டியிருப்பதால் எந்த முனையம், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தரைநிலையத்தில் பதியப்படும்.

வழக்கைத் திருப்பியது இலக்கம்தான். 873 என்பது அப்போது இன்மார்சாற் செய்மதிகளுக்கான இந்துசமுத்திரக் குறியீடு. கப்பலும், விமானமும், பெட்டியில் கொண்டுதிரியும் தொலைபேசியும் அதே குறியீட்டையே பாவித்தன. வேறுபாடு அடுத்த இலக்கத்தில் இருந்தது. விமானமானால் 5. அதன்பின் வரும் எட்டு இலக்கங்கள் விமானத்துக்கென ஒதுக்கப்பட்ட 24 பிற் முகவரியை எண்ம முறையில் எழுதியவை. எண்ம முறையில் 0 முதல் 7 வரைதான் உண்டு. 8, 9 வரவே முடியாது. தம்பியின் தாளில் 873க்குப் பின் 76 இருந்தது. கடைசியில் ஒரு 9 இருந்தது. 76 என்பது கையில் கொண்டுபோகும் சிறிய செய்மதித் தொலைபேசிக்கு உரியது. அதுவும் போக, தாளின் தலைப்பில் அச்சாகும் இலக்கத்தை அனுப்பும் இயந்திரத்தில் எவரும் தாமே பதிந்துகொள்ளலாம்.

ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு ஓடிய அந்த அன்ரனோவில் செய்மதி முனையம் எதற்கு என்று குறுக்கு விசாரணையில் தம்பியைக் கேட்டேன். பதில் இல்லை. நீதிபதி தாளை நிராகரித்து, நிருவாகக் கடிதத்தை மனைவிக்கு வழங்கினார்.

2012 ஒக்ரோபரில் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் விமானத்தின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 14 வருடங்கள். அத்தனை காலமும் பல வீடுகளில் படலைச் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்திருக்கலாம் என்ற எண்ணம் 2014இல் எனக்கு வலுத்தது. அந்த மார்ச் 8ஆம் திகதி 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் எம்எச்370இன் செய்மதி முனையத்துக்குத் தரையிலிருந்து இரண்டு அழைப்புகள் எடுத்தார்கள். மலேசிய நேரம் அதிகாலை 2.39, காலை 7.13. இரண்டுக்கும் பதில் இல்லை. ஆனால் முனையம் உயிரோடு இருந்ததை அந்தப் பதிவுகள் காட்டின. முதல் அழைப்பின் அதிர்வெண் விலகலை வைத்தே விமானம் தெற்கே திரும்பியிருந்தது என்று கணித்தார்கள். விமானத்தைக் கண்டுபிடிக்க அது போதவில்லை. என்றாலும் எந்தக் கடலில் தேடுவது என்பதைக் கணிக்கவாவது எடுபடாத அந்த அழைப்புகளும் உதவின.

அதன்பின் சர்வதேச விதிகள் மாறின. 45,500 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களைப் பெருங்கடலுக்கு மேல் 15 நிமிடத்துக்கு ஒருதடவை கண்காணிக்க வேண்டும். 27,000 கிலோவுக்கு மேற்பட்ட புதிய விமானங்கள் ஆபத்தில் நிமிடத்துக்கு ஒருதடவையாவது தம் இடத்தைத் தாமே அறிவிக்க வேண்டும்.

இன்று சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏரீஆர்-72இன் உச்ச எடை ஏறத்தாழ 23,000 கிலோ. இரண்டு விதிகளும் அதைக் கட்டுப்படுத்தா. எங்கள் கடலைக் கடக்கும் சிறிய விமானங்களிலும் செய்மதிவழி இடமறிவிக்கும் கருவியை இலங்கையும் இந்தியாவும் கட்டாயமாக்க வேண்டும். சர்வதேச விதி மாறும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.