அம்மா எங்கே என்ன செய்கிறாள்?

தில்லியில் ஒரு பல்கலைக்கழக மகளிர் விடுதி. இரவு பத்து மணிக்குப் பொது அறைத் தொலைக்காட்சியின் முன் இடம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் முதுகலை மாணவியர். ஆய்வு மாணவியர் அங்கே உட்காருவதில்லை. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் போலப் பாட்டிலோடு வந்து, வாசலருகே நின்றபடியே அன்றைய எபிசோடு முழுவதையும் பார்த்துவிட்டுப் போவார்கள். நாசிக்கிலிருந்து வந்து சமூகவியலில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் 2022-இல் அப்படி நின்று பார்த்தவள்தான். கையில் பாட்டில் இருக்கும். அது நிரம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அவள் நின்று பார்த்தது ‘அனுபமா’. அறைக்குத் திரும்பிக் கைப்பேசியில் தனியாகப் பார்த்தது, மராத்தியில் ‘ஆயி குட்டே காய் கரத்தே’. இரண்டும் ஒரே கதை. 2019 ஜூன் மாதம் வங்க மொழியில் லீனா கங்கோபாத்யாய் எழுதி, இந்திராணி ஹல்தார் நடித்துத் தொடங்கிய ‘ஸ்ரீமொயி’தான் மூலம். அந்த ஆண்டு முடிவதற்குள் அது மராத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டில் மலையாளத்தில் ‘குடும்பவிளக்கு’, தெலுங்கில் ‘இன்டின்டி க்ருஹலக்ஷ்மி’, இந்தியில் ‘அனுபமா’, தமிழில் ‘பாக்கியலட்சுமி’ என்று பரவியது. எல்லாம் ஒரே குழுமத்தின் அலைவரிசைகள். கணவன், பிள்ளைகள், மாமியார், மாமனார் என்று எல்லோருக்காகவும் இருபத்தைந்து ஆண்டுகள் ஓடி ஓடி உழைத்த ஒரு பெண், தன் கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருப்பதை அறிகிறாள். இதுதான் விதை. மண்ணுக்கு ஏற்றபடி அவளிடம் புதைந்து கிடந்த திறமை மட்டும் மாறியது. இந்தியில் அவள் ஆடினாள், மராத்தியில் பாடினாள், தமிழில் சமைத்தாள். (தமிழில் சமையலாகவே இருந்துவிட்டதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

பொது அறையில் இதனால் விசித்திரமான ஒரு நிலை ஏற்பட்டிருந்தது. வங்காளத்திலிருந்து வந்த மாணவி, தன் ஊரில் தொடர் 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டதால், மற்றவர்களின் நாயகிகளுக்கு ஜாதகம் கணிக்கும் உரிமை பெற்றிருந்தாள். அவளிடம் கேட்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தனியே போய்க் கேட்பார்கள். தமிழ்நாட்டு மாணவியோ, “எங்கள் பாக்கியாவுக்கு மறுமணம் இல்லை, அவள் மசாலா வியாபாரத்தில் இருக்கிறாள்” என்பாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று யாருக்கும் பிடிபட்டதில்லை.

நாசிக்குப் பெண்ணின் ஆய்வுத் தலைப்பு, ஊதியமற்ற வீட்டு உழைப்பு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் அட்டவணைகளோடுதான் அவள் பகல் முழுவதும் வாழ்ந்தாள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்காகச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் கருத்தரங்குகளில் எத்தனையோ முறை திரையில் காட்டியிருக்கிறாள். அவள் இரவில் பார்த்த தொடரின் தலைப்பும் அந்த அட்டவணையின் தலைப்பாக இருந்திருக்கலாம். ‘ஆயி குட்டே காய் கரத்தே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அம்மா எங்கே என்ன செய்கிறாள்’ என்று வரும். ஆனால் மராத்தி வீடுகளில் அதன் தொனி வேறு. ‘அம்மா என்னத்தைச் செய்துவிடுகிறாள், சும்மாதானே இருக்கிறாள்’ என்பது அது. ஆயினும், தான் இந்தத் தொடரைப் பார்ப்பதாக அவள் துறையில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நேர்ந்தால் களப்பணி என்று சொல்லிக்கொள்ளலாம் என ஒரு பதிலை மட்டும் தயாராக வைத்திருந்தாள்.

அந்தத் தொடருக்கு அவளைப் பழக்கியது அவளுடைய ஆயி. இரவு ஒன்பதரைக்கு அழைப்பு வரும். சாப்பாடு, உடம்பு, பணம் ஆகிய மூன்றும் இரண்டு நிமிடத்தில் முடியும். பிறகு அருந்ததி. அருந்ததியின் கணவன் அனிருத்த, அவன் சேர்ந்து வாழ்ந்த சஞ்சனா, மாமியார் காஞ்சன் எல்லோரும் பக்கத்துத் தெருக்காரர்கள் போல அந்த உரையாடலில் வந்துபோவார்கள். அருந்ததி மணமுறிவுக்குக் கையெழுத்துப் போட்ட நாட்களில் ஆயி கொண்டாட்டத்தில் இருந்தாள். “போட்டுவிட்டாள் பாளா, கை நடுங்கவே இல்லை” என்று தேர்வு முடிவு சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரலில் மகள் பிறகு வெகுநேரம் தங்கியிருந்தாள். அவள் வீட்டில் கையெழுத்துப் போடும்படி எதுவும் நடந்ததில்லை. அப்பா சத்தம் போடாதவர், குடிக்காதவர், ஒழுங்காகச் சம்பளம் கொண்டுவந்தவர். தேநீர் கேட்பார், அவ்வளவுதான்.

2023-இல் மராத்தித் தொடரில் அருந்ததிக்கும் ஆசுதோஷ் கேள்கருக்கும் திருமணம் நடந்தது. இந்தித் தொடரில் அனுபமாவுக்கும் அனுஜுக்கும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே நடந்துவிட்டது. விடுதியின் பொது அறை அப்போது கல்யாண வீடாகவே இருந்தது. யாரோ இனிப்புக்கூட வாங்கி வந்தார்கள். ஆகவே அருந்ததியின் திருமண வாரத்தில் ஆயியின் அழைப்புக்காக அவள் ஆவலோடு காத்திருந்தாள். ஆயி அழைத்தாள். சாப்பாடு, உடம்பு, பணம். அருந்ததியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மகளே கேட்டாள்.

“பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை” என்றாள் ஆயி.

அன்றிரவு அவள் தன் குறிப்பேட்டில் அரைப்பக்கம் எழுதினாள். மணமுறிவை ஏற்கும் நடுத்தர வர்க்கப் பெண் மறுமணத்தில் வந்து தடுமாறுவதைப் பற்றி, ஒழுக்கம் பற்றிய மதிப்பீடுகள் பெண்களுக்குள்ளேயே காவல் நிற்பதைப் பற்றி. மேற்கோள் காட்ட வேண்டிய நூல்களின் பெயர்கள்கூட ஓரத்தில் இடம்பெற்றன. தூரதர்ஷன் தொடர்களைத் தில்லிப் பெண்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று பூர்ணிமா மங்கேகர் எழுதிய நூல் அவற்றுள் ஒன்று. நல்ல அரைப்பக்கம் அது. தவறு என்னவென்றால், ஆயியிடம் ‘ஏன்’ என்று கேட்காமல் எழுதப்பட்டது.

இந்தத் தவறு அவளுக்கு மட்டும் உரியதன்று. இந்தியத் தொலைக்காட்சி ஆய்வின் வயதும் இதன் வயதும் ஏறத்தாழ ஒன்று. 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’, மெக்சிகோவின் கல்வித் தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு, மக்களுக்கு நற்செய்தி சொல்லவென்றே திட்டமிடப்பட்ட தொடர். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் தோன்றி, பார்த்ததிலிருந்து கற்க வேண்டியது என்ன என்று எடுத்துரைப்பார். அதில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பகவந்தி, இப்படி இருக்கக் கூடாது என்பதற்கான எடுத்துக்காட்டாக வகுக்கப்பட்டவள். பின்னர் அந்தத் தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும் கண்டது வேறு: கணிசமான பார்வையாளர்கள் பகவந்தியைத்தான் பின்பற்றத்தக்க பெண்ணாக ஏற்றிருந்தார்கள். இதைப் பழமைவாதத்தின் வெற்றி என்று படிப்பது வழக்கம். பகவந்தியிடம் தங்கள் நாளைக் கண்டவர்கள் அவளைத் தோற்றவளாக ஏற்க மறுத்தார்கள் என்றும் படிக்கலாம். அசோக் குமார் எதை எடுத்துரைத்தாலும், வேலையை யார் செய்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, விடுமுறையில் நாசிக்குக்குப் போனபோது, மகள் கேட்டாள்.

“மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டதா உனக்குப் பிடிக்கவில்லை?”

ஆயி வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“செய்துகொள்ளட்டுமே. ஆசுதோஷ் நல்ல பையன். இத்தனை வருஷம் ஒருவனுக்கு டீ போட்டாள், இனி இவனுக்குப் போடுவாள். இவன் நன்றி சொல்வான். டீ டீதானே பாளா? நான் என்னவோ, அவள் பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ஒரு வீட்டில் இருப்பாள் என்று நினைத்துவிட்டேன். காலையில் கொஞ்சம் தாமதமாக எழுந்திருப்பாள். அதைக் காட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.”

தில்லிக்குத் திரும்பியதும் அந்த அரைப்பக்கம் கிழிக்கப்பட்டது. ஆயி சொன்னது ஒரு பார்வையாளரின் ஏமாற்றம் மட்டுமில்லை, அந்தத் தொடர் வடிவத்தின் மீதான கூர்மையான விமரிசனம் என்று அவளுக்குப் பட்டது. ‘அனுபமா’ ரசிகர்களின் ஓயாத குறை ஒன்று உண்டு: மணமுறிந்து, வேறு வீட்டுக்கு மருமகளாகப் போன பின்னும் அனுபமா ஏன் எதற்கெடுத்தாலும் ஷா வீட்டுக்கே ஓடுகிறாள்? தமிழில் பாக்கியாவின் வீட்டுக்குள்ளேயே முன்னாள் கணவன் கோபி தன் புது மனைவியோடு வந்து தங்கினான். ரசிகர்கள் இதை எழுத்தாளரின் கற்பனை வறட்சி என்று திட்டுவார்கள். காரணம் அதைவிட எளியது. தினசரித் தொடருக்கு வீடுதான் மூலதனம். அரங்கம் அங்கே நிற்கிறது. மாமியார், மகன், மருமகள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறார்கள். வியாழன்தோறும் வரும் பார்வையாளர் கணக்கு அந்தக் கூடத்தில் நடக்கும் சண்டைக்குத்தான் கிடைக்கிறது. நாயகிக்குச் சட்டப்படி விடுதலை கொடுக்கலாம், வேலையிலிருந்து விடுப்பு கொடுக்க முடியாது. தனி வீட்டில் தாமதமாக எழுந்திருக்கும் பெண்ணை வைத்து வாரம் ஆறு நாள் கதை ஓட்டுவது எப்படி?

ரசிகர்களின் கோபத்துக்குப் பணிந்து கதையே திரும்பிய வரலாறும் இல்லாமல் இல்லை. ‘க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ தொடரில் மிஹிர் இறந்தபோது எழுந்த எதிர்ப்பில் அவன் உயிரோடு திரும்பி வந்தான். இறந்த கணவனைப் பார்வையாளர்களால் மீட்க முடிந்தது. நாயகிக்கு ஒரு காலைத் தூக்கத்தைக் கேட்டு எங்கும் போராட்டம் நடந்ததாகத் தெரியவில்லை.

பிறகு அவள், ஆய்வுக்காக அல்லாமல், ஆயிக்குத் தொலைபேசியிலேயே ஒரு நேரக்குறிப்பு எடுத்தாள். கணக்கெடுப்பின் முறைப்படி, முந்தைய நாள் காலை நான்கு மணி முதல் அன்று காலை நான்கு மணிவரை, அரைமணி அரைமணியாக. ஆயி உற்சாகமாகவே பதில் சொன்னாள். மாலைத் தொடர் வந்த அரைமணியில் சிக்கல் எழுந்தது.

“அப்போது என்ன செய்தாய்?”

“சீரியல் பார்த்தேன்.”

“கையில்?”

“பூண்டு உரித்தேன். விளம்பரத்தில் எழுந்து அப்பாவுக்கு டீ போட்டேன்.”

“இதில் எது முக்கியமான வேலை என்று குறிக்க வேண்டும், ஆயி.”

“சீரியல்தான். பூண்டை உரித்தது கை.” சற்று யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: “கை சும்மா இருந்தால் இவர்கள் என்னைப் பார்க்க விடமாட்டார்கள் பாளா.”

கணக்கெடுப்புப் படிவத்தில் ஓர் அரைமணிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்களைப் பதிய இடமுண்டு. ஒன்றை முதன்மையானது என்று குறிக்க வேண்டும். அவள் பென்சிலால் ஒன்றைக் குறித்தாள், அழித்தாள், மறுபடி குறித்தாள். கடைசியில் ஓய்வு என்ற பகுப்பில் போட்டாள். ஆயி சொன்னதை மதிப்பதா, கைகளைக் கணக்கில் எடுப்பதா என்ற கேள்வி அவளுடைய முறையியல் இயலில் ஐந்து பக்கமாக விரிந்தது. நெறியாளர் அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கச் சொன்னார். பூண்டு அதில் இடம்பெற்றது. அருந்ததி இடம்பெறவில்லை.

‘ஆயி குட்டே காய் கரத்தே’ 2024 நவம்பர் இறுதியில் முடிந்தது. 2025 பிப்ரவரியில் அடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவந்தன. பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88. அன்றிரவு அவளே நாசிக்கை அழைத்து, ஐந்தாண்டுகளில் பெண்களின் வேலை 10 நிமிடம் குறைந்திருப்பதாகச் சொன்னாள். எந்தப் பத்து நிமிடம் என்று கேட்டாள் ஆயி. அட்டவணையில் அது இல்லை. ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருப்பதைச் சொன்னபோது மறுமுனையில் ஆயி சிரித்தாள். பக்கத்தில் யாரோ என்னவென்று கேட்டது கேட்டது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. இரு என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வரச் சிறிது நேரம் பிடித்தது.

அந்த ஜூலை இறுதியில் துளசி, முதன்முதலில் வந்து இருபத்தைந்து ஆண்டு கழித்து, மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தாள். ஆயி அதைப் பார்க்கப்போவதில்லை என்றாள். போதும், எல்லாம் ஒரே கதை என்றாள். அடுத்த வாரம் அழைத்தபோது, துளசியின் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரம் முழுவதும் அவளிடம் இருந்தது.